முதலில் குமிழ் விடட்டும், அப்புறம் நீந்தட்டும்

"தூக்கி உள்ளே போடு, தானா கத்துக்கும்." குழந்தைக்கு நீச்சல் பழக்கலாம் என்று வாயைத் திறந்தாலே எங்கள் கடலூர்ப் பக்கம் பெரியவர்கள் சொல்வது இதுதான். கிணற்றில் அப்படித்தான் பழகினார்களாம். இடுப்பில் கயிறும் முதுகில் சுரைக்குடுக்கையும் கட்டியிருந்ததையும், பக்கத்திலேயே ஒரு மாமா நீந்தி வந்ததையும் மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். திடீரென்று தண்ணீரில் விழுகிற நாலு வயதுப் பிள்ளை பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

என் மகளுக்கு முதல் வாரம் நீச்சலே கிடையாது. நெல்லிக்குப்பம் பக்கம் சொந்தக்காரர் கரும்புக் கொல்லையில் பம்புசெட்டுத் தொட்டி. மோட்டாரை நிறுத்திவிட்டு விளிம்பில் உட்கார்ந்தோம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு, அதில் வாயை வைத்து ஊதச் சொன்னேன். குமிழ் வந்தது. எண்ணினோம்: மூன்று, அப்புறம் ஐந்து, எட்டு. ஒருமுறை மூக்கில் ஏறி அழுதாள். அன்றைக்கு அதோடு சரி, வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் டம்ளரை அவளே எடுத்துக்கொண்டாள். தண்ணீருக்குள் மூச்சை விடுவது, வெளியே வந்து இழுப்பது, நீச்சலில் பாதி இதுதான். இதை விட்டுவிட்டு முதல் நாளே கை காலை அடிக்கச் சொல்வதால்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

அடுத்து மல்லாந்து மிதப்பது. தலை என் தோளில் இருந்தும், காதில் தண்ணீர் பட்டதும் விறைத்துப்போனாள். "மேலே காக்கா போகுது பாரு" என்றேன். உடம்பு தளர்ந்தது, தண்ணீர் தாங்கிக்கொண்டது.

தண்ணீரில் பிள்ளையோடு பேசாமல், விளையாடாமல் பயிற்சி மட்டும் வாங்குவதும் தவறுதான். உரிக்காத தேங்காயைப் போட்டோம், மிதந்தது. சின்னக் கூழாங்கல் மூழ்கியது. "பெரிசு ஏன்பா முழுகல?" என்று ரெண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உடனே பதில் சொல்லாதீர்கள், அவர்கள் இன்னும் நாலு பொருளைப் போட்டுப் பார்க்கட்டும்.

கையில் மாட்டும் காற்றுப் பையை நம்பாதீர்கள். அது உடம்பை நிமிர்த்தியே வைத்திருக்கும், நீந்தவோ படுத்த வாக்கில்தான் முடியும். அதைவிட மோசம், தனக்கு நீச்சல் தெரியும் என்று பிள்ளை நம்பிவிடும். பை இல்லாத நாளிலும் இறங்கிவிடும்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சும் புதுச்சேரிக் கடற்கரையும் நீச்சல் பழக்கும் இடமில்லை. திரும்பும் அலை பெரியவர் காலடி மணலையே அரித்துக்கொண்டு போகும். ஆறும் அப்படித்தான். 2022 ஜூனில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப்போன ஏழு பேர், எல்லாரும் சிறுமிகளும் இளம்பெண்களும், நெல்லிக்குப்பம் அருகேதான் மூழ்கி இறந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

இன்னொன்று, பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? கரையிலிருந்து பார்த்தால் போதாது. நீங்களும் தண்ணீரில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். நீச்சல் நன்றாக வந்த பிறகும் அப்படித்தான்.

சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். உதடு நிறம் மாறினாலோ தாடை நடுங்கினாலோ, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினாலும் வெளியே தூக்கித் துண்டால் சுற்றிவிடுங்கள்.