முத்திரைத்தாளில் எழுதினால் திருமணம் முறியாது

"இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி, பஞ்சாயத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் விவகாரம் தீர்ந்தது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். தீராது. இந்து திருமணச் சட்டம், 1955-இன் கீழ் மணவிலக்கு தருவது நீதிமன்றம்தான். சில சமூகங்களில் நீதிமன்றம் போகாமலே மணத்தை முறிக்கும் 'தீர்த்துவிடும்' வழக்கத்தை அதே சட்டத்தின் 29-வது பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதை நிரூபித்தாக வேண்டும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது. இருதார மணக் குற்றமும் ஆகலாம்.

பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தாளில் "பரஸ்பர சம்மதத்துடன் தனித்து வாழ்கிறோம்" என்ற வரி அநேகமாக இருக்கும். அப்படிப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. நாளை வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான்.

அடுத்த தவறு, இந்து திருமணச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி கிடைக்கும் நீதிமுறைப் பிரிவை, அதாவது தனித்து வாழ நீதிமன்றம் தரும் தீர்ப்பை, பாதி விவாகரத்தாக நினைப்பது. சேர்ந்து வாழும் கடமை மட்டுமே நீங்குகிறது. திருமணம் அப்படியே இருக்கிறது, வாரிசுரிமையும் இருக்கிறது. பிரிந்த பிறகு தன் சம்பளத்தில் வீடு வாங்கிய பெண் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளோடு அந்தக் கணவருக்கும் சம பங்கு போகும். பிரிவுத் தீர்ப்பு வாங்கியவர்கள் உடனே உயில் எழுதிவிடுவது நல்லது.

நீதிமுறைப் பிரிவு சுலபமாகக் கிடைக்கும் என்பதும் தவறு. கொடுமை, கைவிடுதல் என்று விவாகரத்துக்குச் சொல்லும் அதே காரணங்களை இங்கும் நிரூபிக்க வேண்டும். மணமாகி ஓராண்டு முடியாதவர்களுக்கும், மீண்டும் சேர வாய்ப்பிருப்பதாக உண்மையாகவே எண்ணுபவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். தீர்ப்புக்குப் பின் ஓராண்டு வரை சேர்ந்து வாழாவிட்டால், அதையே காரணமாக்கி இருவரில் எவரும் விவாகரத்துக் கேட்கலாம். முடிவு உறுதியாகிவிட்ட தம்பதி இந்தச் சுற்றுவழியில் போவது வீண்செலவு என்பேன். ஓராண்டு பிரிந்திருந்தால் அதே சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்தே விவாகரத்து மனு போடலாம். அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பையும் தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சித்தான் பலர் முத்திரைத்தாளிடம் போகிறார்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு; உதவி எண் 15100. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அழையுங்கள்.