மோஹோவும் தட்டின் அடிப்பரப்பும் ஒன்றல்ல: பூமியின் அடுக்கு எல்லைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடப்புத்தகப் படத்தில் எல்லா எல்லைகளும் ஒரே மாதிரிக் கோடுகளாக இருக்கும். குழப்பம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. மேலோட்டுக்கும் கவசத்துக்கும் நடுவே உள்ள மோஹோவில் பாறையின் வேதியியல் மாறுகிறது. 410, 660 கி.மீ. ஆழங்களில் மாறுவது முக்கியமாகக் கனிமங்களின் படிக அமைப்பு. பாறைக்கோளத்தின், அதாவது நகரும் தட்டின், அடியிலோ விறைப்புதான் மாறுகிறது.

இதை மறந்தால் "மேலோட்டுத் தட்டுகள் நகர்கின்றன" என்று எழுதிவிடுவோம். நகர்வது மேலோடு மட்டுமல்ல, அதோடு ஒட்டியிருக்கும் குளிர்ந்த மேல்கவசமும்தான். பழைய கண்டப் பகுதிகளில் மோஹோ 40 கி.மீ. அளவில் இருக்க, தட்டின் அடிப்பரப்பு 200 கி.மீ.க்கும் கீழே போகலாம். அதற்கும் கீழே உள்ள அஸ்தெனோஸ்பியரை உருகிய குழம்பு என்பதும் தவறு. திரவத்தில் போக முடியாத எஸ் அலைகள் (நிலநடுக்கத்தின் குறுக்கலைகள்) அதன் வழியே போகின்றன. மிக மெதுவாக வளைந்துகொடுக்கும் திடப்பாறை அது. உருகிய பகுதி இருந்தாலும் சொற்பமே.

மேலோட்டை மேலே கிரானைட், கீழே பசால்ட் என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் கான்ராட் எல்லையை எங்கும் வரைவது இன்னொரு பழக்கம். கடலடி மேலோட்டில் அந்த எல்லையே கிடையாது. கண்டங்களிலும் பல இடங்களில் தெளிவாகத் தெரிவதில்லை. ரஷ்யாவின் கோலா ஆழ்துளை 12,262 மீட்டர் வரை போயும், எதிர்பார்த்த பசால்ட்டைத் தொடவில்லை. உருமாறிய பாறைகளே தொடர்ந்து வந்தன.

ஆழத்தை எழுதும்போது எங்கிருந்து அளந்தது என்பதையும் எழுத வேண்டும். 4 கி.மீ. ஆழக் கடலுக்கு அடியில் மேலோடு 7 கி.மீ. தடிமன் என்றால், மோஹோ கடல்மட்டத்திலிருந்து 11 கி.மீ. கீழே இருக்கும். 5 கி.மீ. உயரப் பீடபூமியில் இந்தக் கணக்கு தலைகீழ்: தடிமன் 70 கி.மீ. என்றால் கடல்மட்டத்திலிருந்து ஆழம் 65தான். இரண்டு தரவுத் தொகுப்புகளைச் சேர்க்கும்போது இதைக் கவனிக்காவிட்டால், இல்லாத சரிவு ஒன்று வரைபடத்தில் முளைத்துவிடும்.

அளவீட்டில் அதிகம் காலை வாருவது, அலைவிலகல் ஆய்வுக் கோட்டின் நீளம். வெடி வைத்து, அடுக்குகளில் வளைந்து வரும் அலைகளை வரிசையாக வைத்த கருவிகளில் பதிவதுதான் இந்த ஆய்வு. மேலோட்டில் பி அலை (முதலில் வந்துசேரும் நெட்டலை) விநாடிக்கு 6.3 கி.மீ., கவசத்தில் 8.1 கி.மீ., மோஹோ 35 கி.மீ. ஆழம் என்று கொள்வோம். கவசத்தைத் தொட்டு வரும் அலை, மேலோட்டிலேயே நேராக வரும் அலையை முந்திக்கொண்டு வருவது சுமார் 200 கி.மீ.க்கு அப்பால்தான். 100 கி.மீ. கோடு போட்டு, முதலில் வரும் அலையை மட்டும் குறித்தால் கவசம் கண்ணிலேயே படாது. 1909 அக்டோபர் 8 நிலநடுக்கத்தை வைத்துக் குரோவேஷிய நிலநடுக்கவியலர் மோஹோரோவிச்சிச் இந்த எல்லையைக் கண்டதும், பல்வேறு தொலைவுகளில் இருந்த நிலையங்களின் பதிவுகளை ஒன்றாகப் பார்த்ததால்தான்.

கோடு நீளமாக இருந்தாலும் ஒரு முனையில் மட்டும் வெடி வைத்தால் போதாது. மேலே சொன்ன அதே அடுக்கில் மோஹோ 3 பாகை சாய்ந்திருந்தால், சரிவு இறங்கும் திசையில் கவசத்தின் வேகம் சுமார் 7.8 என்றும், ஏறும் திசையில் 8.5 என்றும் தெரியும். இரண்டுமே உண்மையான வேகம் அல்ல. இரு முனைகளிலிருந்தும் வெடித்தால்தான் சரிவும் வேகமும் பிரிந்து கிடைக்கும்.

ஒற்றை நிலையத்தில், மோஹோவில் பி அலையிலிருந்து எஸ் அலையாக மாறி வருவது நேரடி பி அலைக்கு எவ்வளவு பிந்துகிறது என்ற தாமதத்தை வைத்துத் தடிமன் கணக்கிடுவோருக்கு வேறு பொறி. தாமதம் 4.5 விநாடி, கதிர் அளபுரு (அலை எவ்வளவு சாய்வாக வருகிறது என்பதன் அளவு) கிலோமீட்டருக்கு 0.06 விநாடி, பி அலை வேகம் 6.3 என்க. பி–எஸ் வேக விகிதம் 1.75 என்றால் தடிமன் 36 கி.மீ.; 1.80 என்றால் 34. விகிதத்தை ஊகித்துவிட்டு விடையைத் தசம இடம் வரை எழுதுவதில் பொருளில்லை. மோஹோவுக்கும் தரைக்கும் இடையே எதிரொலித்து வரும் பிந்தைய அலைகளையும் சேர்த்து, தடிமனையும் விகிதத்தையும் ஒன்றாகவே தேட வேண்டும்.

அலைவேகம் காட்டும் மோஹோவும் பாறை மாறும் மோஹோவும் எப்போதும் பொருந்தாது. நீர் புகுந்து செர்பென்டினைட்டாக மாறிய கவசப்பாறையில் வேகம் குறைந்து, அது மேலோடு போலத் தோன்றும். கீழ்மேலோடு எக்லோஜைட் என்ற அடர்த்தியான பாறையானால் அது கவசம் போலத் தோன்றும்.

410, 660 என்பவை சராசரிகளே. 410இல் ஆலிவின் என்ற கனிமம் வாட்ஸ்லேயைட்டாகிறது. 660இல் அதன் இன்னும் ஆழமான வடிவமான ரிங்வுடைட் சிதைந்து பிரிட்ஜ்மனைட்டும் ஃபெரோபெரிக்லேஸும் உண்டாகின்றன. குளிர்ந்த தட்டு அமிழும் இடத்தில் முதலாவது மேலேறும், இரண்டாவது கீழிறங்கும். இரண்டும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்ந்ததாக உங்கள் விடை காட்டினால், எல்லைகளைப் பற்றி எழுதுமுன் அவற்றுக்கு மேலே நீங்கள் எடுத்துக்கொண்ட வேக மாதிரியைச் சரிபாருங்கள்.