நட்பு நாடு திடீரென்று போர் தொடுத்தால்

கணினி வியூக விளையாட்டுகளில் நேற்று வரை வணிகம் செய்த நாடு இன்று எல்லையில் படையோடு வந்து நின்றால், அந்த நாட்டை ஆடும் ஏஐ (கணினி) மனம்போன போக்கில் ஆடுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் திரையிலேயே இருக்கும், நாம்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டோம்.

சிவிலைசேஷன் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாட்டுத் தலைவருக்கும் மாறாத அஜெண்டா, அதாவது எது பிடிக்கும் எது பிடிக்காது என்கிற விதி, ஒன்று உண்டு, அதோடு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிற மறைமுக அஜெண்டாவும் உண்டு. கிளியோபாட்ராவுக்குப் பலமான படை வைத்திருப்பவர்களைத்தான் பிடிக்கும், எனவே அவரோடு சமாதானமாக இருக்கலாம் என்று படையைச் சுருக்கிவிட்டு ஊர் ஊராகக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தால், நீங்கள் நல்லெண்ணத்தில் செய்கிற அதே காரியம் அவரை உங்கள் மேல் ஏவிவிடும். சீனத் தலைவர் சின் ஷி ஹுவாங் பக்கத்தில் இருந்தால் உலக அதிசயங்களைக் கட்டிக் குவிப்பதில் கவனம் தேவை, அவருக்கு அது பிடிக்காது. மறைமுக அஜெண்டாவைத் தெரிந்துகொள்ள, சந்தித்த உடனேயே 25 தங்கம் கொடுத்துத் தூதுக்குழுவை அனுப்புங்கள், அப்புறம் தூதரகம், வணிகப் பாதை என்று நெருங்கிப் போங்கள்.

தேதிகளையும் குறித்து வையுங்கள். இயல்பு வேகத்தில் ஒரு தலைவரோடு செய்த நட்பு அறிவிப்பு 30 டர்ன் (ஆட்டச் சுற்று) நிற்கும், அதுவரை அவர் உங்கள் மேல் போர் தொடுக்க முடியாது. ஆபத்து அது முடிகிற டர்னில்தான், ஆகவே முடிந்த கையோடு புதுப்பித்துவிடுங்கள். யாராவது உங்களைப் பகிரங்கமாகக் கண்டித்தால் 5 டர்ன் கழித்து அவருக்கு முறைப்படியான போருக்கு வழி திறக்கிறது, அந்த அவகாசத்தில் மதில் கட்டுவதா வில்லாளர்களைச் சேர்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் இரண்டையும் தொடங்கிவிடுங்கள். நட்பு அறிவிப்பு இல்லாத நேரத்தில் கண்டனம்கூட இல்லாமல் திடீர்ப் போரும் வரலாம், அதனால் உறவு எவ்வளவு நெருக்கமானாலும் எல்லை ஊரைக் காவலில்லாமல் விடக் கூடாது.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்கிற இன்னொரு வியூக விளையாட்டில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஒரு நாடு தனியாக வருவதை விட, பல நாடுகள் கூட்டணி சேர்ந்து வருவதுதான் ஆட்டத்தையே முடித்துவிடும். நீங்கள் மாகாணங்களைப் பிடிக்கப் பிடிக்க அக்கம்பக்கத்து நாடுகளிடம் ஆக்கிரமிப்புப் புள்ளி ஏறும். அது 50-ஐத் தொட்டு, உங்களைப் பற்றிய அபிப்பிராயமும் எதிர்மறையில் இருந்தால் கூட்டணிக்குக் கதவு திறந்துவிடும். எனவே சமாதானப் பேச்சில் கையெழுத்துப் போடுவதற்கு முன், யாரிடம் எவ்வளவு ஏறும் என்று பாருங்கள், ஆசைப்பட்ட நாலு மாகாணத்தில் இரண்டை விட்டுக்கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்வது பல நேரம் லாபம். அடுத்த போரை வேறு திசையில், வேறு மதத்தவர் பக்கம் வைத்துக்கொண்டால் முதலில் கோபப்பட்டவர்கள் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும், அந்த இடைவெளியில் தூதர்களை 50-ஐ நெருங்கிக்கொண்டிருக்கிற நாடுகளுக்கே அனுப்புங்கள்.