சிதறல் வரைபடம்: கெழுவைக் கணக்கிடும் முன் படத்தைப் பாருங்கள்

ஒட்டுறவுப் பாடம் (இரண்டு மாறிகள் சேர்ந்து மாறும் போக்கு) வந்ததும் பல மாணவர்கள் அதை ஒரே எண்ணாக அளக்கும் கெழுவின் சூத்திரத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து முதலில் சிதறல் வரைபடத்தில், அதாவது ஒவ்வொரு சோடி அளவையும் ஒரு புள்ளியாகக் குறித்த படத்தில், புள்ளிகளைப் பாருங்கள்.

படி 1: அச்சுகள். கிடை அச்சில் எந்த மாறி, செங்குத்து அச்சில் எந்த மாறி, அலகு என்ன? ஒருவரின் உயரம் 150 செ.மீ., எடை 45 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து (150, 45) என்ற ஒரே புள்ளி.

படி 2: திசை. இடமிருந்து வலமாகப் போகப் போகப் புள்ளிகள் ஏறினால் நேர்மறை ஒட்டுறவு, இறங்கினால் எதிர்மறை.

படி 3: வடிவமும் நெருக்கமும். புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டியே நின்றால் ஒட்டுறவு வலுவானது. கோடு எவ்வளவு சரிவாக இருக்கிறது என்பது வேறு விஷயம், குழப்பிக்கொள்ள வேண்டாம். கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழு (‘ஆர்’) இந்த நேர்கோட்டு நெருக்கத்தைத்தான் −1 முதல் +1 வரை அளக்கிறது; 0 என்றால் நேர்கோட்டுப் போக்கு இல்லை. வளைவு அதன் கண்ணில் படாது. (−2, 4), (−1, 1), (0, 0), (1, 1), (2, 4) ஆகியவற்றைக் குறித்துப் பாருங்கள். அழகான பரவளையம் வரும், ஆனால் ஆர் = 0!

படி 4: விலகி நிற்கும் புள்ளி. இங்கேதான் நிதானம் தேவை. (1, 1), (1, 2), (2, 1), (2, 2) என்ற நான்கு புள்ளிகள் ஒரு சதுரம்; ஆர் = 0. அப்புறம் (10, 10) என்ற ஒரு புள்ளியைச் சேருங்கள். ஆர் ஏறத்தாழ 0.98 ஆகிவிடும். எண்ணை மட்டும் பார்த்தவர் ‘மிக வலுவான ஒட்டுறவு’ என்று எழுதிவிடுவார். படத்தைப் பார்த்தவருக்கோ அது ஒற்றைப் புள்ளியின் வேலை என்று உடனே புரியும். அதற்காக அந்தப் புள்ளியை அழித்துவிடக் கூடாது. அளவிட்டதிலோ எழுதியதிலோ பிழை உண்டா என்று பாருங்கள். பிழை இல்லையென்றால், அதைச் சேர்த்தும் விட்டும் கணக்கிட்டு இரண்டு விடைகளையும் சொல்லுங்கள்.

படி 5: காரணம். தீயணைப்பு வண்டிகள் அதிகம் வந்த இடத்தில் சேதமும் அதிகமாக இருக்கும். சேதத்துக்கு வண்டிகளா காரணம்? இல்லை, பெரிய தீ இரண்டையும் கூட்டுகிறது. எனவே விடைத்தாளில் ‘இதனால் அது கூடியது’ என்று எழுதாமல், ‘இது கூடும்போது அதுவும் கூடும் போக்கு தெரிகிறது’ என்று எழுதுங்கள்.