டெல்டா இரவுச் சாலையில் பைனாகுலரும் இரவுப்பார்வைக் கருவியும்: இடப்பக்க இருக்கைக்காரருக்கு ஒரு செய்முறை

2019 நவம்பரில் ஆர்ன் டோமன், டக் டாபட் என்ற இருவர் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவின் ரெடோண்டோ பீச் வரை 27 மணி 25 நிமிடத்தில் காரில் போய்ச் சேர்ந்தார்கள். கூரையில், வெப்பத்தைக் கொண்டு இருட்டிலும் காட்டும் தெர்மல் கேமரா இருந்தது. உள்ளே மூன்றாவது ஆள் ஒருவர், கை நடுக்கத்தைத் தானே சமன்செய்யும் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார். அத்தனையும் சட்டத்தை மீறிய ஓட்டம். ஒதுங்கி நிற்கும் போலீஸ் வண்டியை முன்கூட்டியே கண்டுகொள்வதும் அந்தக் கருவிகளின் வேலைகளில் ஒன்று.

இதைப் படித்த என் மைத்துனன், "அத்தான், மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு நாமும் இப்படிப் போனால் என்ன?" என்று கேட்டான். வேகத்தை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். மூன்று வருடமாக அப்படித்தான் போய்வருகிறோம். நான் ஓட்டுவேன், அவன் பார்ப்பான். கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்து கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதிலேயே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். மொத்தம் 70 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 100 கிலோமீட்டரில் இது 95 மீட்டரைத் தாண்டும். லோபீம், அதாவது டிம் செய்த விளக்கு, சாலையைத் தெளிவாகக் காட்டுவதோ 50, 60 மீட்டர். எதிரே வண்டி வரும்போது டிம் செய்துவிட்டு 80-இல் போகிறவர், விளக்கு காட்டாத இடத்துக்குள் வண்டியை விடுகிறார்.

ஆகவே ஓட்டுநரின் வேகத்தை அவருடைய விளக்கும் கண்ணும்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் 500 மீட்டர் முன்னால் ஒன்றைப் பார்த்துவிட்டால் அது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முன்கூட்டியே தூக்குவதற்கு. "ஒன்றும் இல்லை, மிதியுங்கள்" என்ற சொல் எங்கள் காரில் கிடையாது. இருந்தும் நேரம் மிச்சமாகிறது: 300 கிலோமீட்டரைச் சராசரி 60-இல் கடக்க ஐந்து மணி நேரம், 70-இல் 4 மணி 17 நிமிடம். எங்கள் பக்கத்தில் அந்தச் சராசரியைக் கெடுப்பவை திடீர் பிரேக்குகளும், வேறு வழி இருந்தும் போய் மாட்டிக்கொள்ளும் நெரிசல்களும்தான்.

பைனாகுலர் வாங்குவது

கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று ஆசை காட்டுவார். வேண்டாம். பைனாகுலரின் உடலில் எழுதியிருக்கும் 7x50, 8x42 போன்ற எண்களைப் பாருங்கள். முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7x50-க்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்; 8x42-க்கு ஐந்தேகால். இளம் கண்ணின் பாவை இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆக 5-க்குச் சுருங்கும். எனவே இருபது வயது மைத்துனனுக்கு 7x50 பொருத்தம். ஐம்பதைத் தாண்டியவருக்கு 8x42 போதும், எடையும் குறைவு. பத்து மடங்குக்கு மேல் போனால் ஓடும் காரில் காட்சி நடுங்கும். நடுக்கம் தடுக்கும் பைனாகுலர் அருமையான பொருள், ஆனால் விலை அதிகம்.

வாங்கிய அன்றே இரவில் கிளம்பாதீர்கள். தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறது. ஒரு மாலை அங்கே போய்க் கரையில் நின்று பழகுங்கள். இடக்கண்ணை மட்டும் திறந்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு வலக்கண்ணை மட்டும் திறந்து, வலப்பக்க வளையத்தை மட்டும் சரிசெய்யுங்கள். அந்த வளையத்தை அதற்குப் பிறகு தொட வேண்டாம். பறக்கும் கொக்கை இரண்டு நொடிக்குள் வில்லைக்குள் பிடிக்க வரும்வரை பயிற்சி போதவில்லை என்று கொள்ளுங்கள்.

காரில் பிடிக்கும் முறை

முழங்கையைக் கதவில் ஊன்றாதீர்கள். இன்ஜின் அதிர்வு முழுவதும் வில்லைக்கு ஏறிவிடும். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு நொடி பாருங்கள், இறக்குங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். முகத்துக்கும் காரின் காற்றுப்பைக்கும் (ஏர்பேக்) நடுவே முக்கால் கிலோ கண்ணாடியும் உலோகமும் இருக்கும் நேரத்தில் பை வெடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே நெரிசலில், ஊருக்குள், முந்திச் செல்லும்போது பைனாகுலர் மடியில்கூட வேண்டாம். காலடிப் பையில் இருக்கட்டும். நேரான, வெறிச்சோடிய சாலைதான் அதற்கு இடம். ஓட்டுநர் அதைத் தொடவே கூடாது.

என்ன பார்ப்பது

இதுதான் உண்மையான கலை. நம் சாலைகள் பலவும் ஆற்றங்கரை, வாய்க்கால் கரையை ஒட்டியே போகின்றன. ஆறு வளைந்தால் சாலையும் வளையும். வெண்ணாற்றங்கரையில் தொலைவில் தெரியும் விளக்கு உங்கள் சாலையில் வருகிறதா, எதிர்க்கரையில் வருகிறதா என்பதே முதல் கேள்வி. கீழே தண்ணீரில் அதன் நிழல் நீளமாக விழுந்தால், உங்களுக்கும் அதற்கும் நடுவே ஆறு இருக்கிறது.

அடுத்தது ஒற்றை விளக்கு. வெறுங்கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் போலத் தெரிவது, ஒரு கண் போன டிராக்டராக இருக்கலாம். பைனாகுலரில் விளக்குக்குப் பக்கத்து இருட்டைப் பாருங்கள். வானத்தின் மங்கிய வெளிச்சத்தை ஏதாவது மறைக்கிறதா? வைக்கோல் ஏற்றிய வண்டி என்றால் சாலையின் அகலத்துக்கே ஒரு கரும்பொதி தெரியும்.

தை, மாசியில் சம்பா அறுவடை. நெல் சாலையிலேயே காயும். பாதிச் சாலையை அடைத்து நெல், ஓரத்தில் வரிசையாகக் கருங்கல், மேலே தார்ப்பாய். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் விளக்கணைத்த டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். நெல் போட்டவரைக் குறை சொல்லி எழுதும் எண்ணம் எனக்கில்லை. களம் இருந்தால் அவர் ஏன் சாலைக்கு வருகிறார்? நமக்கு வேண்டியது, முன்னே போகும் வண்டிகளின் பின்விளக்குகள் ஒரே இடத்தில் வலப்பக்கம் ஒதுங்குகின்றனவா என்று கவனிப்பது. ஒதுங்கினால் அங்கே கல் இருக்கிறது.

இரவுப்பார்வைக் கருவி

இந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. சிறிதளவு ஒளியைப் பெருக்கிப் பச்சையாகக் காட்டும் ராணுவ வகை ஒன்று. அதை மறந்துவிடுங்கள்: விலை லட்சங்களில், அமெரிக்கத் தயாரிப்பு என்றால் அந்நாட்டு அரசின் உரிமம் இல்லாமல் வெளியே வராது, எதிர் விளக்கு பட்டதும் காட்சி வெளுத்துவிடும்.

இரண்டாவது, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் வகை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கைத் தானே அடித்து, திரும்பி வருவதைக் காட்டும். நான் முதலில் வாங்கியது இதைத்தான். காருக்குள் உட்கார்ந்து ஆசையாக இயக்கினேன். முன்கண்ணாடியின் தூசியும் ஒரு வெள்ளைப் பந்தும் மட்டும் தெரிந்தன. அதன் விளக்கு கண்ணாடியில் பட்டு அதற்கே திரும்பிவிட்டது. வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்க்க மட்டும் உதவும்.

மூன்றாவது தெர்மல். பொருள்களின் வெப்பத்தைப் பார்ப்பதால் ஒளி தேவையில்லை. 2000-ஆம் ஆண்டின் காடிலாக் டிவில் காரிலேயே இது வந்துவிட்டது. ஆனால் அந்த வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடி வழியே புகாது. உள்ளேயிருந்து பார்த்தால் உங்கள் முகம்தான் மங்கலாகத் தெரியும். கேமராவை முன் கிரில்லிலோ கூரையிலோ பொருத்தி, திரையை இடப்பக்க இருக்கைக்காரர் முன்னால், ஓட்டுநர் கண்ணில் படாத கோணத்தில் வையுங்கள்.

அது காட்டுவதை நம்பவும் நேரம் காலம் உண்டு. சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்த பின்னும் தார்ச்சாலை உடம்புச் சூட்டில் கிடக்கும். அதன்மேல் படுத்திருக்கும் ஆடு திரையில் கரைந்துவிடும். பின்னிரவில், சாலை குளிர்ந்தபின், அதே ஆடு வெள்ளையாக எரியும். மாடு, மனிதர், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் எல்லாம் எளிது. மாலையிலிருந்தே நிற்கும் டிராக்டரின் டிரெய்லர் சாலையோடு சேர்ந்து குளிர்ந்திருக்கும், கண்ணுக்கே தப்பும். மார்கழி மூடுபனி அடர்ந்தால் தெர்மலின் தூரமும் குறையும். அப்போது நாங்கள் கருவியை அணைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறோம்.

கண்ணைப் பழக்குவது

இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை கைபேசியைப் பார்த்தால் அது கலைந்துவிடும். திரை ஒளியைக் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். வழி பார்க்க மங்கிய சிவப்பு விளக்கு போதும்.

சொல்லும் முறையையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். "அய்யோ, அங்கே பாருங்கள்!" என்று கத்தினால் ஓட்டுகிறவர் உங்களைப் பார்ப்பார். நாங்கள் வைத்திருக்கும் வரிசை: பக்கம், பொருள், தூரம். "இடது, மாடு, முந்நூறு." அவ்வளவுதான்.

கடைசியாகப் பராமரிப்பு. டெல்டாவின் ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். என் முதல் பைனாகுலரை ஐப்பசி மழையில் நெல் மூட்டைகள் இருந்த அறையில் வைத்துவிட்டேன். தை மாதம் எடுத்துப் பார்த்த மைத்துனன் சொன்னான்: "அத்தான், இன்று கும்பகோணம் வரை மூடுபனி. காலையில் கிளம்பலாம்." வானத்தில் நட்சத்திரங்கள் தெளிவாக இருந்தன.