கே3எஸ்ஸில் ஓடும் செயலியை இணையத்தில் திறப்பது: எனக்கு 502 பிழை வந்த கதையோடு

எங்கள் தெரு நூலகத்தின் புத்தகப் பட்டியலுக்காக ஃபிளாஸ்கில் (பைத்தானில் வலைச்செயலி எழுத உதவும் கருவி) ஒரு சின்னச் செயலி எழுதி, வாடகை சர்வரில் கே3எஸ் போட்டு ஏற்றினேன். கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் எளிய வடிவம்தான் கே3எஸ். பாட் (செயலியின் கன்டெய்னர் ஓடும் கூடு) நன்றாக ஓடியது. வெளியிலிருந்து பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். பாட் வரை வந்துவிட்டவர்களுக்கு மீதி வழி இது.

முதலில் சர்வீஸ், அதாவது பாடுக்கு முன்னால் நிற்கும் நிலையான முகவரி. பாட் மறுபடி எழும்போதெல்லாம் அதன் ஐபி மாறும், சர்வீஸின் முகவரி மாறாது. கிளஸ்டருக்குள் மட்டும் தெரியும் கிளஸ்டர்ஐபி வகையே போதும். சர்வரின் ஒரு போர்ட்டையே வெளியே திறந்துவிடும் நோட்போர்ட் வகை வேண்டாம் என்பேன்: 30000 முதல் 32767 வரை ஏதோ ஒரு எண்ணை முகவரியோடு ஒட்டிக் கொடுத்தால் நூலகத்துக்கு வருபவர் யாருக்கு நினைவிருக்கும்? சர்வீஸ் கேட்கும் போர்ட் 80, பாடில் செயலி கேட்கும் டார்கெட்போர்ட் 8000 என்று வைத்தேன். எழுதி முடித்ததும் ‘குபெக்டில் கெட் எண்ட்பாயிண்ட்ஸ்’ அடித்துப் பாருங்கள். ஐபி தெரிந்தால் சரி. இல்லையென்றால் சர்வீஸ் தன் பாடைத் தேடும் செலக்டரும் பாடில் ஒட்டிய லேபிளும் பொருந்தவில்லை, அல்லது பாட் இன்னும் ரெடி ஆகவில்லை.

அப்புறம் இன்கிரெஸ். எந்த டொமைனுக்கு வரும் கோரிக்கை எந்த சர்வீஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வெறும் விதி அது. அதைப் படித்து நடத்த ஒரு கன்ட்ரோலர் வேண்டும். கே3எஸ்ஸோடு டிராஃபிக் (Traefik) என்ற கன்ட்ரோலர் வந்துவிடும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகள் இன்கிரெஸ்-என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு கன்ட்ரோலரை நிறுவச் சொல்லும். அதன் பராமரிப்பு 2026 மார்ச் வரைதான் என்று 2025 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். டொமைனின் ஏ ரெக்கார்டை (பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு) சர்வர் ஐபிக்குத் திருப்புங்கள். 404 வந்தால் இன்கிரெஸில் எழுதிய ஹோஸ்ட் பெயரை முதலில் சரிபாருங்கள்.

எனக்கு வந்தது 502, அதாவது நடுவில் நிற்கும் கன்ட்ரோலருக்குச் செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் ‘குபெக்டில் போர்ட்-ஃபார்வர்ட்’ கட்டளையால் என் கணினியை நேரே பாடோடு இணைத்தால் பக்கம் அழகாகத் திறந்தது. அதனால் செயலி மேல் சந்தேகமே வரவில்லை. இன்கிரெஸை ஐந்தாறு முறை மாற்றி எழுதினேன். இரவு பாடின் லாகைத் திறந்தபோது ஆரம்பத்திலேயே இருந்தது: ‘லிசனிங் அட் 127.0.0.1:8000’.

ஃபிளாஸ்க் செயலியை ஓட்டும் கனிகார்ன் சர்வர், சும்மா விட்டால் அந்த முகவரியில்தான் காது கொடுக்கும். அது லோக்கல்ஹோஸ்ட், பாடுக்குள்ளிருந்து மட்டுமே எட்டும். போர்ட்-ஃபார்வர்ட் பாடுக்குள்ளேயே நுழைந்து லோக்கல்ஹோஸ்டைத் தட்டுகிறது, அதனால் கதவு திறக்கிறது. டிராஃபிக்கோ வேறொரு பாடிலிருந்து, பாடின் ஐபியைத் தேடி வருகிறது. அங்கே கேட்க ஆளில்லை. டாக்கர்ஃபைலில் பைண்ட் முகவரியை, எல்லா முகவரியிலும் கேட்கும்படி, 0.0.0.0:8000 என்று மாற்றி இமேஜை மறுபடி கட்டியதும் தளம் வந்துவிட்டது. பாடை விவரிக்கும் யாமல் கோப்பில் கன்டெய்னர்போர்ட் எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். அது தகவலுக்குத்தான், எதையும் திறக்காது. இப்போதெல்லாம் தற்காலிகமாக ஒரு பாட் எழுப்பி, அதற்குள்ளிருந்து சர்வீஸ் பெயருக்கு கர்ல் அடித்துத்தான் சோதிக்கிறேன்.

பின்சேர்க்கை: செர்ட்-மேனேஜர் (எச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கிப் புதுப்பிக்கும் கருவி) போட்டும் சான்றிதழ் வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருமே ஃபயர்வாலில் 443 மட்டும் திறந்திருந்தார்கள். சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், டொமைன் நம்முடையதுதானா என்று பார்க்கும் எச்டிடிபி-01 சோதனை 80 வழியாகத்தான் வரும். சான்றிதழ் கைக்கு வந்ததும் 80ஐ மூடிவிடாதீர்கள். அதன் ஆயுள் 90 நாள்தான். புதுப்பிக்கும்போது அதே வழியாக மறுபடி வருவார்கள்.