இவன் எப்பம் சாப்பிடுதான்?: காவலன் நாவல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தாங்கள் எழுதும் நாவல்களை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. அண்மையில் வந்த மூன்றில் ஒரே கரு: ஒரு சிறுமியைக் காக்க ஆய்வகத்தில் உருவாக்கிய மெய்க்காப்பாளன். மூன்றிலும் என் முதல் நாவலின் அதே தவறுகள். சந்திப்பிழையை எல்லாம் விட்டுவிடுகிறேன். அதைத் திருத்த ஆள் கிடைக்கும்.

சாப்பிடாத வீரன்

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். என் காவலன் ஏழடி. சித்திரை வெயிலில் பாபநாசத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை அந்தப் பெண்ணைச் சுமந்துகொண்டு ஓடுவான். வந்த கையோடு பத்துப் பேரை அடிப்பான். 240 பக்கம் எழுதி முடித்தபின், உயிரியல் ஆசிரியையாக இருந்த என் சித்தி படித்துவிட்டு, "எல்லாஞ் சரிதாம்ல, இவன் எப்பம் சாப்பிடுதான்?" என்று கேட்டார். நாவலில் எங்குமே அவன் ஒரு வாய் சோறு தின்னவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்ப் பாதி நாவலைக் கிழித்தேன். இரண்டு வருட உழைப்பு.

உண்ட ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் தசை வேலையாக மாற்றும். மிச்சம் சூடு. அது பெரும்பாலும் தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை 8 மடங்கு, தோலின் பரப்பு 4 மடங்குதான். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அப்படிப்பட்டவன் யாரும் அடிக்காமலே சுருண்டு விழுவான். பெல்ஜியன் புளூ மாட்டைப் பாருங்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணு அதில் பழுது. உடம்பு பாறை மாதிரி இருக்கும். கன்றுகளைப் பெரும்பாலும் தாயின் வயிற்றைக் கிழித்துத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

பலம் இருந்தால் பசியும் உண்டு என்பதை நம் வில்லுப்பாட்டுக்காரர்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். சுடலைமாடன் விளக்குச் சுடரில் பிறந்தவன். பசி பொறுக்காமல் சுடுகாட்டில் பிணம் தின்றதால்தான் கயிலையை விட்டுப் பூலோகம் வருகிறான். காவல் தெய்வமானாலும் கோயில் கொடை விழாவில் படைப்பு வைத்தாக வேண்டும்.

திருத்திய படியில் என் காவலன் ஓடி வந்ததும் தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துவிடுகிறான். எழ முடியவில்லை. அவள் இட்லி வாங்கிவந்து ஊட்டுகிறாள். இருவரும் முதன்முதலாக மனம்விட்டுப் பேசுவது அங்கேதான்.

ஒரே ஊசியில் மாறுகிறவன்

வளர்ந்த உடம்பில் ஊசி போட்டால் விடிவதற்குள் எலும்பு நீளாது. முழு ஆளையும் மாற்றக் கருவிலேயே தொடங்க வேண்டும். 2018-இல் சீனாவில் மரபணு திருத்திய கருவிலிருந்து இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்த செய்தி வந்தது. செய்த விஞ்ஞானி சிறைக்குப் போனார். கருவில் தொடங்கினால் பதினாறு வயதுக் காவலனுக்குப் பதினாறு வருடம் பிடிக்கும். அப்படியென்றால் அவளுக்கு ஆபத்து வரும் என்று அத்தனை காலம் முன்பே யாருக்கோ தெரிந்திருக்கிறது. அந்த ஆளைத் தேடுங்கள். என் கதையின் வில்லன் எனக்கு அப்படித்தான் கிடைத்தான்.

கூடங்குளம்

கதிர்வீச்சு பட்டுப் பலம் வராது. உடம்பு கெடும்.

மகேந்திரகிரி

அங்கே நடப்பது இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை. உங்கள் ரகசிய ஆய்வகத்துக்கு வேறு இடம் பாருங்கள்.

வரிக்கு வரி "ஏலே"

சேக்காளியிடம் "ஏலே", கொஞ்சம் மரியாதையோடு "வே", கடைக்காரரிடம் "அண்ணாச்சி". யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். ஆய்வகத்தில் வளர்ந்தவன் யாரிடம் பேச்சுக் கற்றான் என்பதையும் யோசியுங்கள். என் காவலன் சமையல்கார ஆச்சியிடம் கற்றவன். பதினாறு வயதில் "வாரேன் தாயி" என்பான்.

மறுக்கத் தெரியாதவன்

பாளையக்காரர் காலத்துக் காவல்காரனுக்குக் கூலி உண்டு. களவு போனால் ஈடுகட்டும் பொறுப்பும் உண்டு. கூலியும் இல்லாமல், "மாட்டேன்" என்று சொல்லவும் வழியில்லாமல் ஒரு பிள்ளையைக் காவலுக்கு நிறுத்தியிருப்பதை உங்கள் நாயகி கவனித்தே ஆக வேண்டும். என் நாவலில் ஆற்றங்கரையில் இட்லிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஒனக்குச் சம்பளம் யாரு தாரா?"

அந்தச் சொல்லை அவன் அதுவரை கேட்டதே இல்லை.